தோள் வலியும் ஒரு சின்ன கம்ப்யூட்டரும்

பெண்ணுக்குத் தனிக்குடித்தனச் சாமான் வாங்கித் தரச் சொன்னால் எனக்குப் பயமே கிடையாது. குக்கர் என்றால் எத்தனை லிட்டர், அடி கனம் எப்படி, காஸ்கெட் நம் ஊரில் கிடைக்குமா என்று கேட்டுக் கேட்டுக் கடைக்காரரைத் திணற அடித்துவிடுவேன். ஆனால் கம்ப்யூட்டர்? அதைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பக்கத்தில் காபி டம்ளரை வைக்கக் கூடாது என்பது மட்டும்தான். அப்படிப்பட்ட நான் 2024-ம் வருஷம் ஒரு கம்ப்யூட்டர் வாங்குவதில் பத்தாயிரத்து ஐந்நூறு ரூபாயைத் தொலைத்து, அப்புறம் பாடம் படித்து வந்த கதை இது. உங்கள் வீட்டிலும் பெண்ணோ பிள்ளையோ ஊர் மாறி வேலைக்குக் கிளம்பும் சமயம் வந்தால் கொஞ்சம் உபயோகப்படட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எங்களுக்குக் கும்பகோணம். பெண் ப்ளஸ் டூ படித்தபோது அரசாங்கம் கொடுத்த விலையில்லா மடிக்கணினியில்தான் அவள் முதன்முதலில் புரோகிராம் எழுதிப் பழகினாள். 2011-ல் ஆரம்பித்த அந்தத் திட்டம் எங்களைப் போன்ற எத்தனை வீடுகளில் விளக்கேற்றியது என்பது எங்களுக்குத்தான் தெரியும். பிறகு காலேஜில் படிக்கும்போது பதினைந்தரை அங்குலத் திரையுடன் ஒரு பெரிய லாப்டாப் வாங்கினோம். வீட்டுக் கூடத்தில் மேஜை மேல் வைத்தே வேலை பார்த்ததால் அதன் கனம் யாருக்கும் உறைக்கவில்லை.

அந்த ஆனி மாதம் சென்னையில் ஒரு கம்பெனியில் ஒப்பந்த வேலை கிடைத்தது. போனில் ஓடும் ஆப் எழுதுகிற வேலை. முதல் மூன்று மாதம் தகுதி பார்ப்பார்கள். மெஷின் அவர்கள் தரமாட்டார்கள், நாமே கொண்டுபோக வேண்டும். வாரத்தில் மூன்று நாள் தரமணி ஆபீஸ், மற்ற நாள் மந்தைவெளியில் தங்கியிருந்த அறையிலிருந்தே வேலை. பறக்கும் ரயில் ஸ்டேஷன் படிக்கட்டுகளை ஏறி இறங்கியவர்களுக்குத் தெரியும், அங்கே கைப்பை கூட மூட்டையாகத்தான் தோன்றும்.

மூன்றாவது வாரம் ஊருக்கு வந்தவள் வலது தோளைத் தூக்கவே சிரமப்பட்டாள். "என்னடி ஆச்சு?" என்றேன். "பை கனம்மா, வேற ஒண்ணுமில்லே" என்றாள். எனக்கு மனசு கேட்கவில்லை. அந்தப் பையை அப்படியே எடுத்துக்கொண்டு எதிர் மளிகைக் கடைக்குப் போய்த் தராசில் ஒவ்வொன்றாக வைத்தேன். லாப்டாப் 2 கிலோ 450 கிராம். அதன் சார்ஜர் செங்கல் மாதிரி 600 கிராம். தண்ணீர் பாட்டில் 1 கிலோ 150. சாப்பாட்டு டப்பா 800. பை, குடை, பர்ஸ் எல்லாம் சேர்ந்து 900. ஆக மொத்தம் 5 கிலோ 900 கிராம்! பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பை அவர்கள் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்று மத்திய அரசு 2020-ல் ஒரு கொள்கை கொண்டுவந்தது. என் பெண் 47 கிலோ. அந்தக் கணக்குப்படி பார்த்தால் 4 கிலோ 700 கிராம்தான் அவள் தூக்கலாம். அதுவும் ஒற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு போயிருக்கிறாள்.

"எதையும் பார்க்காதே. எடை குறைச்சலா ஒண்ணு வாங்கு" என்று சொன்னது நான்தான். அந்தத் தப்பை நான் யார் தலையிலும் கட்டப் போவதில்லை.

அவளும் சென்னையில் ஒரு பெரிய கடையில் போய், தான் சேர்த்து வைத்திருந்ததிலிருந்து ரூ. 24,500 கொடுத்துப் பதினொன்றரை அங்குலத்தில் ஒன்று வாங்கினாள். எடை ஒரு கிலோ சொச்சம். பார்க்கப் பள்ளிக்கூட ஸ்லேட்டு போல அழகாக இருந்தது. உள்ளே 4 ஜி.பி. ரேம், 64 ஜி.பி. இடம். "இது போதுமா?" என்று கேட்டதற்கு, "பின்னால் கூட்டிக்கலாம் மேடம்" என்று கடைப் பையன் சொல்லியிருக்கிறான்.

வீட்டுக்கு வந்து பார்த்தால், விண்டோஸ் 11 ஓடுவதற்கே குறைந்தபட்சம் 4 ஜி.பி. ரேமும் 64 ஜி.பி. இடமும் வேண்டுமாம். அதாவது சட்டி வாங்கியாயிற்று, அடுப்பும் சட்டியுமே அறையை நிறைத்துவிட்டது, சமைக்கிறவள் நிற்க இடமில்லை! அவள் உபயோகிக்கும் ஆண்ட்ராய்ட் ஸ்டூடியோவுக்குக் குறைந்தது 8 ஜி.பி. வேண்டும். அதோடு திரையிலேயே ஒரு போலி போனை ஓட்டிப் பார்க்கும் எமுலேட்டர் என்று ஒன்று இருக்கிறதே, அதற்கும் சேர்த்து 16 ஜி.பி. இருக்க வேண்டும் என்று அதைச் செய்தவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். சரி, கூட்டிக்கொள்ளலாம் என்று பழுது பார்க்கிறவரிடம் எடுத்துப் போனால் அவர் முதுகைத் திறந்து காட்டிவிட்டார். ரேம் சில்லு பலகையோடு பலகையாகப் பற்ற வைத்திருந்தது. மாற்றவும் முடியாது, சேர்க்கவும் முடியாது. கடையில் கேட்டால் சீல் பிரித்ததைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்று கைவிரித்தார்கள். கடைசியில் பக்கத்து அறைப் பெண்ணின் தங்கை பாடம் படிக்க என்று ரூ. 14,000-க்கு எடுத்துக்கொண்டாள். அந்தக் குழந்தைக்கு அது போதும், நன்றாகவே ஓடுகிறதாம்.

அந்த இரண்டு வாரமும் என் பெண் பட்ட பாடு! பகலில் பழைய கனத்தையே சுமப்பது, அதிலும் திரையின் கீல் உடைந்து சுவரில் சாய்த்து வைத்து வேலை. ராத்திரி மற்றவள் தூங்கின பிறகு அவளுடைய மெஷினை இரவல் வாங்கி மீதி வேலை. ஒரு வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டியதைத் திங்கட்கிழமைதான் கொடுத்தாள். "இன்னொரு தடவை இப்படி ஆனால் யோசிக்க வேண்டியிருக்கும்" என்று மேலதிகாரி சொல்லிவிட்டாராம். போனில் சொல்லும்போது அழவில்லை. அழுதிருந்தால் கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

என்னிடம் சீட்டு எடுத்த பணம் ரூ. 65,000 இருந்தது. பாங்கில் வைத்திருந்த என் வளையலை மீட்பதற்காக வைத்தது. இவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "வளையல் எங்கேயும் ஓடிப்போகாது, நீ போய்ட்டு வா" என்றார். புறப்பட்டேன்.

போன அன்றைக்கே அவளை எதிரே உட்கார வைத்து, "எனக்குப் புரியற மாதிரி சொல்லு, அப்புறம்தான் கடைக்கு வருவேன்" என்றேன். அவள் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். ரேம் என்பது சமையல் மேடை. அரிவாள்மணை, மாவுப் பாத்திரம், அரிந்த காய் எல்லாம் ஒரே சமயத்தில் பரத்தி வைத்துக்கொள்ளும் இடம். மேடை சின்னதானால் ஒன்றை எடுத்து உள்ளே வைத்துவிட்டுத்தான் மற்றதை எடுக்க முடியும், வேலை நகராது. எஸ்.எஸ்.டி. என்பது அலமாரி. எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அது மேடைக்கு ஈடாகாது. பிராசஸர் என்பது சமைக்கிறவளின் கை வேகம். கடைகளில் பெரிய எழுத்தில் போட்டிருப்பது பெரும்பாலும் கை வேகமும் அலமாரியும்தான். மேடையைச் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். நமக்கு முதலில் வேண்டியது மேடை. அலமாரி அவள் வேலைக்கு 512 ஜி.பி. போதும் என்றாள்.

மறுநாள் பறக்கும் ரயிலில் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி ரிச்சி தெருவுக்கு நடந்தோம். அப்பப்பா, என்ன கூட்டம்! வடமும் வயரும் பலகையும் கூடை கூடையாக, கொத்தவால் சாவடியில் காய் கொட்டி வைத்த மாதிரி. பெரிய கம்பெனிகள் மூன்று நான்கு வருஷம் உபயோகித்துவிட்டுக் கழிக்கும் லாப்டாப்புகளைத் துடைத்துச் சரிசெய்து அங்கே விற்கிறார்கள். ஒரு பெரியவர் பன்னிரண்டரை அங்குலத்தில் கறுப்பாக ஒன்று காட்டினார். கெட்டியான உடம்பு, விசைகள் மெத்தென்று விரலுக்கு அடங்கின. விலை பதினைந்தாயிரம். எனக்கு ஆசையாகிவிட்டது. என் பெண் அதைத் திருப்பி எண்ணைப் பார்த்து, "ஐ5-6300யு" என்று வாசித்துவிட்டு, "வேண்டாம்மா" என்றாள்.

அந்த எண்ணைப் படிக்கும் வித்தையை நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள். இன்டெல் பிராசஸரில் கோட்டுக்குப் பிறகு வரும் முதல் ஓரிரு இலக்கங்கள்தான் அதன் தலைமுறை. 6300 என்றால் ஆறாவது, 8250 என்றால் எட்டாவது, 1135 என்றால் பதினொன்றாவது. எட்டாவது தலைமுறைக்குக் கீழே உள்ளவற்றை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. விண்டோஸ் 10-க்கு வழக்கமாக வரும் இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-உடன் நின்று போயின. ஆகவே பழைய மெஷின் வாங்குகிறவர்கள் எட்டாவதோ அதற்கு மேலோ பார்த்து வாங்க வேண்டும். லினக்ஸ் போட்டு ஓட்டத் தெரிந்த பிள்ளைகளுக்கு இந்தக் கவலை இல்லை. அவர்களுக்கு அந்தப் பதினைந்தாயிரம் ரூபாய் மெஷின் லாபம்தான். என் பெண்ணுக்கு ஆபீசில் விண்டோஸ் 11 என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள்.

ஆப்பிள் கம்பெனியின் மாக்புக் ஏர் ஒன்றையும் ஒரு கடையில் தூக்கிப் பார்த்தேன். பதின்மூன்று அங்குலம், 1 கிலோ 240 கிராம், உள்ளே மின்விசிறியே இல்லாததால் சத்தமும் இல்லை. நல்ல சாமான்தான், மறுக்க மாட்டேன். ஆனால் கையில் இருந்த பணத்துக்கு எட்டாது. அதோடு அப்போது ஆரம்ப மாடலில் 8 ஜி.பி.தான் தந்தார்கள், பின்னால் கூட்டவே முடியாது. 2024 அக்டோபர் கடைசியில்தான் ஆரம்ப மாடலையே 16 ஜி.பி. ஆக்கினார்கள். ஐபோனுக்கு ஆப் எழுதுகிற வேலையானால் அதற்கான எக்ஸ்கோடு ஆப்பிள் மெஷினில் மட்டுமே ஓடும். அவர்களுக்கு வேறு வழியில்லை, செலவு செய்துதான் ஆக வேண்டும்.

மூன்று நாள் அலைந்தோம். நான் எல்லாக் கடையிலும் ஒரே கேள்விதான்: "ரேம் பத்த வச்சதா, ஸ்லாட்டா?" இரண்டாம் நாளிலேயே என்னைப் பார்த்ததும் ஒரு பையன், "ஸ்லாட்டு ஆன்ட்டி வந்துட்டாங்க" என்று சிரித்தான். சிரிக்கட்டுமே. கடைசியில் பதினான்கு அங்குலத்தில், 1 கிலோ 400 கிராமில் ஒன்று அமைந்தது. கம்பெனிப் பெயரைச் சொன்னால் விளம்பரம் போலாகிவிடும், வேண்டாம். 8 ஜி.பி. பற்ற வைத்தது, கூடவே ஒரு ஸ்லாட் காலி. விலை ரூ. 52,500. ஸ்லாட்டில் இன்னொரு 8 ஜி.பி. போட ரூ. 2,100. அப்படிப் போட்டால் வாரண்டி போகாது என்று எழுதி வாங்கிக்கொண்டு, கம்பெனி சர்வீஸ் ஆளை வைத்தே போட்டோம்.

திரை விஷயத்தில் என் பெண் ஒரு பிடிவாதம் பிடித்தாள். அகலம் 1920 புள்ளி எல்லாவற்றிலும் இருக்கிறது, உயரம் 1080-க்குப் பதில் 1200 வேண்டும் என்றாள். புரோகிராம் என்பது மேலிருந்து கீழாக வரி வரியாக எழுதுவது. உயரம் கூடினால் ஒரே பார்வையில் இன்னும் சில வரி தெரியும். விலை மலிவான சின்ன மெஷின்களில் 1366-க்கு 768 என்று கொடுப்பார்கள், அதில் பாதி வரியை நினைவில் வைத்துக்கொண்டே எழுத வேண்டும். கண்ணாடி போல் பளபளக்கும் திரையும் வேண்டாம் என்றாள். ஜன்னல் வெளிச்சம் அதில் விழுந்து கண்ணை உறுத்தும். விசைப்பலகையைக் கடையிலேயே பத்து நிமிஷம் தட்டிப் பார்த்தாள். உடம்பு சிறுத்தால் அம்புக்குறி விசைகளைத்தான் முதலில் கடுகாகக் குறுக்கிவிடுகிறார்களாம். புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு அதில்தான் வேலை அதிகம்.

சார்ஜர் யு.எஸ்.பி.-சி வகை, 250 கிராம். போனையும் அதிலேயே போட்டுக்கொள்ளலாம். பழையதும் அதன் செங்கலும் 3 கிலோ 50 கிராம். புதிதும் அதன் சார்ஜரும் 1 கிலோ 650. பை மொத்தம் நாலரைக் கிலோவுக்கு வந்துவிட்டது. பாட்டரி பத்து மணி நேரம் வரும் என்று கடையில் சொன்னார்கள். அதெல்லாம் வெளிச்சத்தைக் குறைத்துச் சினிமா பார்க்கிறவர்களுக்கு. இவள் வேலைக்கு ஐந்து மணி நேரம் வருகிறது. நாள் முழுக்கச் சொருகியே வைப்பவர்கள் எண்பது சதவீதத்தோடு சார்ஜ் நிற்கும்படி வைத்துக்கொள்ளும் வசதி பல மெஷின்களில் இருக்கிறது, பாட்டரிக்கு ஆயுள் கூடும்.

என் தம்பி ஒரு விஷயம் சொன்னான். 1981-ல் அமெரிக்காவில் ஆஸ்பார்ன் என்று ஒரு கம்ப்யூட்டர் வந்ததாம். கையில் தூக்கிப்போகலாம் என்று சொல்லி விற்றார்கள். எடை சுமார் 11 கிலோ, திரை ஐந்தே அங்குலம்! தையல் மெஷின் பெட்டி மாதிரி இருக்குமாம். நல்லவேளை, நாம் இப்போது வாங்குகிறோம்.

தோள் பிரச்னை தீர்ந்தது என்று நிம்மதியாக இரண்டு நாள் கூட இருந்தேன். அப்போதுதான் கழுத்தைக் கவனித்தேன். சின்ன மெஷினைக் கட்டில் மேல் வைத்து, கொக்கு மாதிரி குனிந்து எட்டு மணி நேரம்! லாப்டாப்பில் திரையும் விசைப்பலகையும் ஒன்றோடு ஒன்று ஒட்டியிருக்கின்றன அல்லவா? கைக்குச் சரியாக வைத்தால் கழுத்து குனியும், கண்ணுக்குச் சரியாக வைத்தால் கை தூக்கி வலிக்கும். மெஷின் சிறுக்கச் சிறுக்க இந்தத் தொல்லை அதிகம். தூக்குவதற்குத்தான் அது சின்னதாக இருக்க வேண்டும். நாள் பூரா உட்காரும்போது அதைப் பிரித்துத்தான் ஆக வேண்டும்.

ரூ. 1,400-க்குத் தனி விசைப்பலகையும் மௌஸும் வாங்கினோம். திரையை உயர்த்த ஸ்டாண்டு 900 ரூபாய் என்றார்கள். சாப்பிட உட்கார என்று நான் ஊரிலிருந்து கொண்டுபோன மணைப்பலகை இருக்கும்போது ஸ்டாண்டு எதற்கு? இரண்டு செங்கல்லைக் காகிதம் சுற்றி மேஜை மேல் வைத்து, அதன் மேல் மணையை வைத்தேன். தையல் டேப்பால் அளந்து, நிமிர்ந்து உட்கார்ந்தால் திரையின் மேல் விளிம்பு கண்ணுக்கு நேராக வரும்படி செய்தேன். முழங்கை செங்கோணமாக மடங்கவேண்டும், பாதம் தரையில் பதியவேண்டும். மணை கெட்டிப் பலகை, ஆகவே அடியில் உள்ள காற்றுத் துளைகள் அடைபடாது. மெத்தை, தலையணை மேல் வைத்தால் அந்தத் துளைகள் மூடி மெஷின் கொதிக்கும், வேகமும் குறையும். மடியிலேயே மாதக் கணக்கில் வைத்துக்கொண்டால் அந்தச் சூட்டில் தொடைத் தோல் வலை வலையாகக் கறுத்துவிடும் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். பெயர் மடிக்கணினி, ஆனால் மடி அதற்கு இடமல்ல!

கண்ணுக்கு, இருபது நிமிஷத்துக்கு ஒரு தரம் இருபது அடி தள்ளி இருக்கும் எதையாவது இருபது வினாடி பார்க்க வேண்டும் என்பது கண் டாக்டர்களின் யோசனை. எதிர் வீட்டு வேப்பமரத்தைக் காட்டி வைத்திருக்கிறேன். திரையைப் பார்க்கும்போது இமைப்பது குறைந்து கண் வறளும் என்பதால் நினைத்து நினைத்து இமைக்கவும் சொன்னேன். செய்கிறாளோ என்னவோ.

இன்னொன்று. புது மெஷினின் மேல்மூடி உலோகம். சொருகி இருக்கும்போது தொட்டால் விரலில் லேசாகச் சுருக்கென்றது. மெஷின் கோளாறு என்று பதறி மறுபடி கடைக்கு ஓடப் பார்த்தேன். பார்த்தால், அந்த அறையின் பிளக் பாயிண்டில் எர்த் வயரே இணைக்கவில்லை. வீட்டுக்காரம்மாவிடம் சொல்லி எலக்ட்ரீஷியனை வரவழைத்து எர்த் கொடுத்ததும் சரியாகிவிட்டது. வாடகைக்கு அறை பார்க்கும்போது தண்ணீர் வருகிறதா என்று பார்க்கிற நாம் இதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்று மாதத் தகுதிக் காலம் முடிந்து அவளை நிறுத்திக்கொண்டார்கள். சீட்டுப் பணத்தில் ஒன்பதாயிரம் மிச்சம். வளையல் இன்னும் பாங்கில்தான் இருக்கிறது, வட்டியை அவளே கட்டிவருகிறாள். போன மாதம் போனில், "அம்மா, வரும்போது இன்னொரு மணை கொண்டு வாயேன். பக்கத்து ரூம் பொண்ணுக்குக் கழுத்து வலியாம்" என்றாள். பரணில் தேடி எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறேன். செங்கல் அங்கேயே கிடைக்கும்.